கீப்பர் விழுந்தால் ஆட்டம் நிற்கும்

முதல் ஒப்பந்தம் கைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். ஆறு நாடுகளில் உதைபந்தாட்டக் கோலுக்கு முன்னால் நின்றிருக்கிறேன். ஒரு நாட்டிலும் என் பெயரைச் சொல்லி யாரும் பாட்டுக் கட்டவில்லை. இரண்டு நாட்டில் என் பெயரைப் பிழையாக எழுதிய ஜேர்சியைப் பருவம் முழுக்கப் போட்டிருந்தேன். ஆகவே வெற்றியின் இரகசியம் என்று ஏதும் எதிர்பார்த்து வந்தவர்கள் இப்போதே எழும்பிப் போகலாம், நான் கோபிக்க மாட்டேன்.

பந்தை எப்படிப் பிடிப்பது, எப்படி உதைப்பது என்றும் சொல்லப் போவதில்லை. அதற்கு உங்களுக்குக் கோச்மார் இருக்கிறார்கள். அவர்கள் சத்தமாகவே சொல்வார்கள்.

வெளிநாட்டுக்குப் போகிறவர்களுக்கு மட்டும் ஒரு விசயம். ஒப்பந்தம் தருவதற்கு முன் ஒரு கிழமை, ஏழு நாளும், வந்து ஆடிக் காட்டு என்று கூப்பிடுவார்கள். அந்தக் கிழமை உங்களுக்கு ஒருவரும் பந்து தரமாட்டார்கள். அவர்கள் கெட்டவர்கள் என்று நினைக்க வேண்டாம். நீங்கள் நன்றாக ஆடினால் அங்கே நிற்கிறவர்களில் ஒருவருக்கு வேலை போகும். அது யாருக்கு என்று அவர்களுக்குத் தெரியாதபடியால் எல்லோரும் சேர்ந்தே பந்தை ஒளிப்பார்கள். கீப்பருக்கு இந்தக் கரைச்சல் குறைவு. சொந்த அணி பந்து தராவிட்டாலும் எதிரணி தரும்.

நான் சொல்ல வந்தது பந்து பற்றியது அல்ல, விழுவது பற்றியது. பின்லாந்தில் ஒரு சின்னப் பட்டினத்துக் கழகத்தில் நான் இரண்டாவது கீப்பர். முதலாவது கீப்பர் வாயில் எப்போதும் ஒரு கறுப்பு உப்பு மிட்டாயோடு திரிகிற ஆள், அதிகம் பேச மாட்டார். ஒருநாள் எங்கள் அணி மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும்போது அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஆட்டம் நின்றது. அந்த இடைவெளியில் கோச் எல்லோரையும் கூப்பிட்டுப் புது இடங்களைச் சொல்லிக் கொடுத்தார். பிறகு கீப்பர் எழும்பி நின்றார், முழங்காலில் ஒரு கீறலும் இல்லை.

வேறு யாராவது விழுந்து மருத்துவம் பார்த்தால் அவர் கோட்டுக்கு வெளியே போய்த்தான் திரும்பி வரவேண்டும். கீப்பர் போகத் தேவையில்லை. அவர் எழும்பும் வரை எல்லோரும் காத்திருக்க வேண்டும். நீங்கள் செய்யாவிட்டாலும் உங்களுக்கு எதிராக யாராவது செய்வார்கள், ஆகவே தெரிந்து வைத்திருங்கள். உலகம் முழுக்க இதைச் செய்கிறார்கள், உலகம் முழுக்க இதற்குக் கூ அடிக்கிறார்கள்.

என் கடைசிப் பருவம் ரொறன்ரோவில். வீட்டிலிருந்து காரில் போய் ஆடிவிட்டு இரவுச் சாப்பாட்டுக்குத் திரும்பக்கூடிய கழகம் எனக்கு வாய்த்தது அந்த ஒன்றுதான். நான் மல்வேர்னில் வளர்ந்தவன். அப்போது பிக்கரிங்கில் வீடு வாங்கியிருந்தோம், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள், என் மனைவிக்கு நிரந்தர வேலை இருந்தது. பருவம் முடிந்ததும் ஓய்வு பெறுவதாகக் கழகத்துக்கும் சொல்லியாகிவிட்டது. இனி எனக்கு யாரும் எதுவும் தரவும் வேண்டாம், பறிக்கவும் முடியாது என்ற நிலை. இதை ஞாபகம் வைத்திருங்கள், இந்தக் கதையில் நான் எங்கே நின்றேன் என்பது முக்கியம்.

அந்த வருடம் மன்னார்க்காரன் ஜூட் வந்தான். டிபென்ஸில் நடுவில் ஆடுபவன். மாலைதீவில் சில பருவங்கள் ஆடியிருந்தான், அங்கிருந்துதான் எங்கள் கழகம் அவனைப் பிடித்தது. நெடுவல், ஒல்லி, ஆனால் உயர வருகிற பந்தை அவனைத் தாண்டி யாரும் தலையால் தொட முடியாது. மைதானத்துக்குள் கால் வைக்கும்போது புல்லைத் தொட்டுச் சிலுவை போடுவான். அவனுடைய வேர்க் பெர்மிற் எங்கள் கழகத்தின் பெயரில் இருந்தது. கழகம் வைத்திருக்கும் வரை அவன் கனடாவில் இருக்கலாம். மனைவியும் கைக்குழந்தையும் மன்னாரில், பேசாலைக் கிராமத்தில். அடுத்த வருட ஒப்பந்தம் கிடைத்தால் அவர்களைக் கூப்பிடலாம், கிடைக்காவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

அவன் மல்வேர்னில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் வீட்டுக்குக் கீழே, பேஸ்மென்றில் இருந்தான். பயிற்சிக்கு நான்தான் ஏற்றிக்கொண்டு போவேன். கோலுக்கு முன்னால் நாங்கள் தமிழில் கதைத்துக்கொள்வோம். "விடு" என்றால் பந்து எனக்கு. "அடி" என்றால் அவன் அடித்துத் துரத்த வேண்டும். எதிரணிக்காரர் முழிப்பார்கள். எங்கள் அணிக்காரர்களும் முழித்தார்கள் என்பதுதான் சிக்கல். பிறகு எங்கள் நைஜீரியப் பொடியன் ஒருவன் இரண்டு சொல்லையும் பழகிக்கொண்டு, பயிற்சியில் தேவையில்லாத இடத்திலெல்லாம் "அடி, அடி" என்று கத்திக்கொண்டு திரிந்தான்.

ஜூட் வந்த பிறகு எங்கள் ஆட்டத்துக்குத் தமிழ்ச் சனம் வரத் தொடங்கியது. அதுவரை என்னைப் பார்க்க வந்தது என் மனைவியும் அவளுடைய தம்பியும்தான், தம்பியும் மழை என்றால் வரமாட்டான். இப்போது மன்னார் ஆட்கள் பிறம்ரனிலிருந்துகூட றபான் மேளத்தோடு வந்து பைலா பாடினார்கள். ஜூட் தலையால் ஒரு பந்தைத் துரத்தினால் கோல் அடித்ததுபோலச் சத்தம் வரும்.

பருவ முடிவில், சொந்த மைதானத்தில் கடைசி ஆட்டம். வென்றால் அடுத்த சுற்று, தோற்றாலும் சமன் என்றாலும் வீட்டுக்கு. அதற்கு முந்திய வியாழக்கிழமை கோச் ஜூட்டைக் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை நிர்வாகம் முழுவதும் வந்து பார்க்கப் போகிறது, உன் விசயம் அன்றைக்குத்தான் முடிவாகும் என்று சொல்லியிருந்தார். காரில் வரும்போது ஜூட் அதை என்னிடம் சொன்னான்.

"ஞாயிற்றுக்கிழமை பிழைச்சுதெண்டால் நான் துலைஞ்சன், அண்ணை."

"பிழைக்காது. நீ உன்ரை ஆளைப் பார், பந்தை நான் பாக்கிறன்" என்றேன். கீப்பர்மார் இப்படித்தான் ஆறுதல் சொல்வார்கள். அவன் சிரித்துவிட்டுக் குழந்தையின் வீடியோ ஒன்றைக் காட்டினான். றோட்டைப் பார்த்து ஓட்ட வேண்டியிருந்ததால் நான் சரியாகப் பார்க்கவில்லை.

ஆட்டத்தின் முதல் பாதியில் எங்களுக்கு ஒரு கோல் கிடைத்தது. இடைவேளைக்குப் பிறகு எதிரணி எங்கள் பக்கமே குடியிருந்தது. உயரமாக ஒரு பந்து வந்தது. ஜூட்டும் அவர்களுடைய முன்வரிசைக்காரனும் ஒன்றாக எழும்பினார்கள். அந்தப் பொடியனின் பின்மண்டை ஜூட்டின் நெற்றிப் பொட்டில் பட்டது. தேங்காய் உடைக்கிற சத்தம், எனக்குக் கேட்டது. ஜூட் குப்புற விழுந்தான், ஆனால் றெஃபரி திரும்புவதற்குள் எழும்பிவிட்டான். பந்து மறுபக்கம் போயிருந்தது, எல்லோருடைய கண்ணும் அங்கே. அடிபட்டவர்களுக்கு மருத்துவம் பார்க்கிற எங்கள் பிசியோ கோட்டுக்கு வெளியே இன்னொருவனின் காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். பார்த்தவன் நான் ஒருத்தன்.

"ஜூட், சரியோ?" என்று கத்தினேன். கையைத் தூக்கிக் காட்டினான். ஓடினான், நேராகத்தான் ஓடினான். அடுத்த பந்தைக் காலால் சுத்தமாக அடித்தும் அனுப்பினான். காலுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும், தம்பி தங்கச்சிமாரே. கால் ஓடுவதைப் பார்த்துத் தலையை நம்பிவிடாதீர்கள்.

பிறகு அவர்களுக்கு ஒரு கோனர், மூலையிலிருந்து அடிக்கிற பந்து, கிடைத்தது. கோனர் என்றால் எங்களுக்குள் ஒவ்வொருவருக்கும் ஓர் இடம். ஜூட்டின் இடம் கோலுக்கு நேர் முன்னால், அவர்களுடைய நெட்டையனோடு. அவன் அங்கே போகவில்லை. கிட்ட இருந்த கோல் கம்பத்துக்கு வந்து அதைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றான். மாலைதீவில் ஆடும்போது அதுதான் தன் இடம் என்று முன்பு ஒருநாள் சொல்லியிருக்கிறான். நான் கிட்டப் போனேன்.

"என்னடா இஞ்சை நிக்கிறாய்?"

"இடைவேளைக்கு இன்னும் எவ்வளவு நேரம் கிடக்கு, அண்ணை?"

இடைவேளை முடிந்து வெகுநேரம். எனக்கு வந்தது பயம்தான், வேறு சொல் தேட வேண்டியதில்லை. தலையில் முதல் அடி பட்டவன் மைதானத்தில் நின்று இரண்டாவது அடியும் வாங்கினால் என்ன நடக்கும் என்று எங்கள் எல்லோருக்கும் வருடா வருடம் படம் போட்டுக் காட்டுவார்கள். நாங்கள் பின்வரிசையில் இருந்து போனைப் பார்ப்போம். ஆனாலும் கொஞ்சம் காதில் விழுந்துதான் இருந்தது. அவர்களுடைய கோனர் எல்லாம் உயரப் பந்து. ஜூட் எப்படியும் தலையைக் கொடுப்பான், அவனுக்கு வேறு எதுவும் தெரியாது.

"இரடா. கீழை இரு. பிசியோவைக் கூப்பிடுறன்."

அப்போது அவனுக்குக் கொஞ்சம் தெளிந்தது. என் ஜேர்சியைப் பிடித்தான். "வேண்டாம் அண்ணை. எனக்கு ஒண்டுமில்லை. அவங்கள் எல்லாரும் மேலை இருந்து பாக்கிறாங்கள். வெளியாலை எடுத்தாங்கள் எண்டால் என்ரை கதை முடிஞ்சுது. சொல்லிப் போடாதேங்கோ. பிள்ளையிலை ஆணையாக் கேக்கிறன்."

இந்த இடத்தில்தான் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். உங்களில் சிலர் இப்படி ஓர் இடத்தில் நிற்பீர்கள். என் முன்னால் இருந்த வழிகளைச் சொல்கிறேன். பெஞ்சைப் பார்த்துக் கத்தலாம். கோச் ஜூட்டைப் பார்ப்பார், ஜூட் பெருவிரலைத் தூக்கிக் காட்டுவான், கோச் அதை நம்புவார், ஏனென்றால் அவருக்கு நம்ப வேண்டும். றெஃபரியிடம் ஓடலாம். அவர் கோல் பெட்டிக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் தள்ளுப்படுவதை விலக்கிக்கொண்டிருந்தார், கோனர் அடிக்கிறவன் கையைத் தூக்கிவிட்டான். பேசாமலும் இருக்கலாம். ஒரே ஒரு கோனர். அவன் பெரிய ஆள், பெண்சாதி பிள்ளை இருக்கிறவன், தன் தலையைப் பற்றித் தானே முடிவெடுக்கட்டும் என்று விட்டுவிடலாம். இந்த மூன்றாவது வழி மரியாதையான வழிபோலத் தெரியும். ஆனால் அவனுக்கு அப்போது எந்தப் பாதி ஆடுகிறோம் என்பதே தெரியாது. முடிவெடுக்க வேண்டிய அந்த ஒரு சாமான்தான் அடிபட்டிருந்தது.

நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தேன். விழுந்ததோடு நிற்காமல் கத்தவும் செய்தேன். பின்லாந்துக்காரர் பார்த்திருந்தால் மிகை நடிப்பு என்று சொல்லியிருப்பார்.

விசில் ஊதியது. மைதானம் முழுக்கக் கூ அடித்தார்கள், எங்கள் சனமும் சேர்த்து. ஒன்றுக்குப் பூச்சியம் முன்னுக்கு நிற்கிற அணியின் கிழட்டுக் கீப்பர் விழுந்தால் யார்தான் நம்புவார்கள். றெஃபரி வந்து என் தலைக்கு மேலே நின்று மஞ்சள் அட்டையைக் காட்டினார். பிசியோ பையோடு ஓடி வந்து முழங்காலைத் தொட்டாள். எனக்கு ஒன்றும் இல்லை, நாலாம் இலக்கம் ஜூட்டைப் பார், அவனுக்கு எந்தப் பாதி என்று தெரியவில்லை என்று அவள் காதுக்குள் சொன்னேன்.

கெட்டிக்காரி. உடனே திரும்பிப் பார்க்கவில்லை. என் முழங்காலில் தண்ணீரை ஊற்றித் துடைத்துவிட்டு, அதே போத்தலைக் கொண்டுபோய் ஜூட்டிடம் நீட்டினாள். குடிக்கக் கொடுப்பதுபோல நின்று சாதாரணமாக இரண்டு மூன்று கேள்விகள் கேட்டாள். கடைசியாக ஆடியது யாரோடு, இன்றைக்குக் கோல் அடித்தது யார். நான் தரையில் கிடந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். ஜூட் பதில் சொல்லாமல் என்னைத் திரும்பிப் பார்த்தான். உதவி கேட்கிற பார்வை அது. நான் முழங்காலைத் தடவிக்கொண்டு கிடந்தேன். அவள் பெஞ்சைப் பார்த்து, ஆளை மாற்றச் சொல்லி இரண்டு கையையும் சுழற்றிக் காட்டினாள்.

அவன் வெளியே போகும்போது சிலுவை போடவில்லை. மன்னார் ஆட்கள் எழும்பி நின்று கைதட்டினார்கள், அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவனுக்குப் பதிலாக வந்த பொடியன் நெட்டையனைத் தேடிப் பிடிப்பதற்குள் கோனர் வந்தது. நெட்டையன் தனியாக எழும்பித் தலையால் அடித்தான். எனக்கு அசைய நேரம் இருக்கவில்லை. சமனாக முடிந்தது. எங்கள் பருவமும் அதோடு முடிந்தது.

உடை மாற்றும் அறையில் கோச் என்னைத் தாண்டிப் போனார். அடுத்த நாள் கூப்பிட்டு, நீ செய்தது சரி என்று சொன்னார். சொல்லும்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூட்டின் தலையை ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள், நானும் கூட நின்றேன். தலைக்குள் இரத்தக் கசிவு இல்லை. மூளை குலுங்கியிருக்கிறது, சில கிழமை ஓய்வு, வெளிச்சமும் போனும் வேண்டாம் என்றார்கள். நான் ஒவ்வொரு நாளும் பேஸ்மென்றுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். அவன் சாப்பிட்டுவிட்டு மற்றப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவான். தலையிடி போய், வெளிச்சம் பார்க்க முடிகிற நேரத்தில் கழகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. அடுத்த வருடம் அவன் தேவையில்லை. காரணம் எதுவும் எழுதவில்லை. கழகங்கள் காரணம் எழுதுவதில்லை. அன்றைக்கு முழு ஆட்டமும் ஆடியிருந்தால் எடுத்திருப்பார்களா என்று எனக்குத் தெரியாது. எடுத்திருப்பார்கள் என்றுதான் அவன் நினைத்தான், மன்னார் ஆட்களும் அப்படித்தான் நினைத்தார்கள்.

பிறகு ஒருநாள் மல்வேர்னில் ஒரு தமிழ்க் கடையில் மீன் வாங்க நின்றேன். மன்னார் ஆட்களில் றபான் அடிக்கிற அங்கிள் பக்கத்தில் வந்தார்.

"தம்பி, உமக்கு அண்டைக்கு முழங்காலிலை என்ன?"

"ஒண்டுமில்லை, அங்கிள்."

"நானும் அதைத்தான் எல்லாருக்கும் சொன்னனான்" என்றார். தன் மீனை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

விமான நிலையத்துக்கு ஜூட்டை நான்தான் ஏற்றிக்கொண்டு போனேன். வேறு யாரையும் கேட்டிருக்கலாம், ஆனால் அவன் என்னைத்தான் கேட்டான். அதை நான் நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டேன். நாலுநூற்றியொன்று நெடுஞ்சாலையில் வழக்கம்போல வாகன நெரிசல். சும்மா இருக்க முடியாமல் நான் வாயைத் திறந்தேன். சுவர் இருந்தால்தானே சித்திரம் எழுதலாம் என்றேன்.

அவன் வெளியே பார்த்தபடி சொன்னான். "உங்களுக்குச் சுவர் இஞ்சை இருக்கு, அண்ணை. பிக்கரிங்கிலை இருக்கு. எனக்கு இந்தச் சித்திரம் இருந்தால்தான் சுவரே கட்டலாம்."

பிறகு, "உங்களுக்கு எல்லாம் முடிஞ்சுது. அதாலை உங்களுக்குச் சரியானதைச் செய்யிறது சுகமாக் கிடந்தது" என்றான்.

  அவன் சொன்னது உண்மை. எனக்கும் பேசாலையில் ஒரு குழந்தை காத்திருந்து, என் ஒப்பந்தமும் அன்றைக்குத்தான் முடிவாக வேண்டியிருந்தால் நான் விழுந்திருப்பேனா? விழுந்திருப்பேன் என்று இங்கே சொல்லுவது சுலபம். உங்களுக்கு நான் பொய் சொல்ல வரவில்லை. என்னால் சொல்லக்கூடியது இவ்வளவுதான். அணியில் இழக்க எதுவும் இல்லாத ஒருவன் எப்போதும் இருப்பான், ஓய்வு பெறப் போகிறவனோ, ஊர்க்காரனோ, காசுள்ள வீட்டுப் பிள்ளையோ. அந்த இடத்தில் நீங்கள் நிற்கும் நாளில் விழ வேண்டியது உங்கள் வேலை. இழக்க ஏதாவது இருக்கிறவனை விழச் சொல்லிக் கேட்கக் கூடாது.

நன்றியை எதிர்பார்க்காதீர்கள். நடக்கவிடாமல் தடுத்த ஒன்றை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. அந்தக் கோனருக்கு அவன் எழும்பியிருந்தால் ஒன்றுமே நடக்காமலும் போயிருக்கலாம். பந்தைத் துரத்தி, ஆட்டத்தை வென்று, ஒப்பந்தம் வாங்கி, இப்போது பக்கத்து வீட்டில் குடியிருந்துகூட இருக்கலாம். நான் அதை யோசிக்காத கிழமை இல்லை. யோசித்து முடிந்ததும் எழும்பித் தேத்தண்ணி போடுவேன்.

அவன் திரும்ப மாலைதீவுக்குப் போனான். இன்னும் ஆடுகிறான். என் அழைப்புகளை எடுப்பதில்லை. மீன் கடையில் பார்த்த அந்த அங்கிள் போன மாதம் மன்னாருக்குப் போய் வந்தார். விடுமுறைக்கு வந்திருந்த ஜூட்டையும் பேசாலையில் சந்தித்தாராம். திரும்பி வந்ததும் எனக்குப் போன் எடுத்தார்.

"உம்மைப் பற்றிக் கேட்டனான், தம்பி. ஐயோ, விடாமல் அரை மணித்தியாலம் பேசினான். ஆஸ்பத்திரியிலை நீர் என்ன நிறச் சேட்டுப் போட்டிருந்தனீர், பேஸ்மென்றுக்கு என்னென்ன கறி கொண்டு போனனீர், எயார்போட்டுக்குப் போகேக்கை எந்த எக்சிற்றைத் தவற விட்டனீர், எல்லாம் சொல்லிச் சொல்லித் திட்டினான். ஒண்டும் மறக்கேல்லை அவன்."

அங்கிள் என் மனம் நோகும் என்று நினைத்து அதோடு நிறுத்தப் பார்த்தார். நான் இன்னும் சொல்லுங்கோ என்றேன். நெடுஞ்சாலையிலிருந்து இறங்குகிற அந்த எக்சிற்றைத் தவற விட்டது எனக்கே மறந்து போயிருந்தது. அவனுக்கு எல்லாம் தெளிவாக ஞாபகம் இருக்கிறது, என்னை மன்னிக்காமல் இருக்கிற அளவுக்கு. அதற்காகத்தான் நான் விழுந்தேன்.